விலைப் பலகை

விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு
மரைக்காயர் போனில் ஒரு குரல் பதிவு.
சென்னைத் தரகர். இருமிக்கொண்டே சொல்கிறார்:
"பாய், கப்பல் கெளம்பல. போர்டை மாத்திடுங்க."

லாரன்ஸ் ரோட்டில் இன்னும் வெளிச்சம் வரவில்லை.
ஈரத்துணியால் 2150ஐத் துடைக்கிறேன்.
சூரியகாந்தி, பதினைந்து கிலோ டின்: 2390.
ஒன்பதை மட்டும் எப்போதும் அழகாகப் போடுவேன்.

குடோனில் இருநூற்றுப் பதினாறு டின்,
போன மாதம் நானே எண்ணி இறக்கியவை.
மூடியில் குத்திய தேதி
சண்டைக்கு இருபது நாள் முந்தியது.
ஒரு டின்னும் குண்டுச் சத்தம் கேட்டதில்லை.
இருந்தும் நான் சாக்பீஸை வைத்த நிமிடம்
இருட்டில், அடுக்கிய அடுக்கு கலையாமல்
அத்தனையும் விலை ஏறிவிட்டன.

"அடுத்த லோடு எடுக்கக் காசு வேணும்ல"
என்கிறார் மரைக்காயர்.
பொய் இல்லை. அவருக்குத் தரகரிடம் கடன்,
தரகருக்கு யாரிடமோ.
அந்த யாரோ இருக்கும் இடத்தை
போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கருங்கடல்.
நீலமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரிலும் துறைமுகம் உண்டு.
முதுநகரில் மத்தி இறங்கும், சங்கரா இறங்கும்,
எண்ணெய் இறங்காது.
அது எண்ணூரில் இறங்கி, டேங்கரில் ஏறி,
திண்டிவனம் டோல்கேட்டில் கால்மணி நேரம் நின்று
எங்களிடம் வருவதற்குள்
எந்த வயலின் பூ என்பது
அதற்கே மறந்திருக்கும்.

பத்து மணிக்குப் பெரியநாயகி வந்தாள்.
பஸ் ஸ்டாண்டு வாசலில் பஜ்ஜிக் கடை.
ஒரு காலத்தில் டின் வாங்கியவள்,
பிறகு ஐந்து லிட்டர் கேன்,
இன்று கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்.
முதலில் பலகையைப் படித்தாள், அப்புறம் என்னை.
"ராத்திரி எழுதினியா, காலையிலயா?"
காலையில்தான் அக்கா.
"சரி. என் தூக்கம் எரநூத்தி நாப்பது ரூபா."

சண்டை எங்கே, யாருக்கும் யாருக்கும் என்று
தெரிந்த அளவு சொன்னேன்.
"அவங்ககிட்ட நாம என்னா வாங்கித் தின்னோம்,
நம்மள இழுக்க?"
வாங்கித் தின்னதுதான் அக்கா விஷயம்.
அவள் சிரிக்கவில்லை.
புனலைப் பிடித்துக்கொண்டாள், நான் ஊற்றினேன்.
கடைசிச் சொட்டு விழும்வரை
புனலை எடுக்கவில்லை.

2480. 2610. பங்குனி முகூர்த்தத்துக்கு 2740.
கல்யாணச் சமையல் தில்லைவிடங்கன்
பாமாயிலுக்கு மாறினார். ஹாஸ்டல் மெஸ்ஸும் மாறியது.
ஒரே வாரத்தில் பாமாயிலும் ஏறியது.
அதன் ஊரில் எந்தச் சண்டையும் இல்லை,
பக்கத்தில் நின்ற பாவம்.

பஜ்ஜி பத்து ரூபாய். பன்னிரண்டு ஆக்க முடியாது.
பெரியாஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு
குள்ளஞ்சாவடிக்குக் கடைசி பஸ் ஏறுகிறவர்களுக்கு
இரண்டு பஜ்ஜிதான் ராத்திரிச் சாப்பாடு.
பத்து ரூபாய் நோட்டுகளை அவர்கள்
எண்ணுவதை அவள் பார்த்திருக்கிறாள்.
அதனால் சீவுகட்டையின் பிளேடை
ஒரு திருகு இறக்கினாள்.
வாழைக்காய் வில்லையைத் தூக்கிப் பிடித்தால்
அதன் வழியே டியூப்லைட் தெரிந்தது.
சட்டி எண்ணெய்க்கு மூன்று நாள் வயது.
எனக்குத் தெரியும். கணக்கு என்னிடம் இருக்கிறது.
தெரிந்தேதான் இரண்டு தின்றேன்.
வீட்டுக்குப் போகும்வரை தொண்டை கரகரத்தது.

ஆடியில் செய்தி வந்தது.
கப்பல்களை விடுகிறார்களாம், ஒப்பந்தமாம்.
அன்றிலிருந்து ஐந்து நாற்பதுக்கே கடைக்கு வருகிறேன்.
ஏற்றத்தான் கூப்பிடுவார்கள்.
இறக்குவதற்கு யாரும்
அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பதில்லை.

இன்று பத்து மணி. அதே இரண்டு பாட்டில்.
"கப்பல் கெளம்பிடுச்சாமே?"
மரைக்காயர் போனை மேசைமேல்
கவிழ்த்து வைத்திருக்கிறார்.
பலகையில் 2740. உற்றுப் பார்த்தால் அதற்கு அடியில்
2610, 2480, அந்த அழகான ஒன்பது,
எல்லாவற்றுக்கும் அடியில் 2150
வெளிறிக் கிடக்கிறது.
அவள் அதைத்தான் பார்க்கிறாள்.

துணி என் கையில் இருக்கிறது.
காய்ந்து விறைத்துப் போய்.